வட்டிக் கணக்கும் மகளிர் குழுவும்

சிறுதொழில் செய்வோருக்கு முதல் வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். அம்முதல் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போர் சிலரே. இவ்விதழில் அக்கணக்கையே பாடமாக எடுத்துக் கொள்வோம். எழுதுகோலும் தாளும் அருகில் இருக்கட்டும்.

தருமபுரிச் சந்தையில் காய்கறி விற்கும் பெண்மணி ஒருவர் தண்டலுக்கு 1,000 ரூபாய் வாங்குகிறார் எனக் கொள்வோம். 100 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 900 ரூபாயைக் கையில் தருவர். நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் 100 நாளில் 1,000 ரூபாயைக் கட்டித் தீர்க்க வேண்டும். பார்வைக்கு நூற்றுக்குப் பத்துதான். ஆனால் முதல் நாள் தொடங்கிக் கடன் குறைந்து வருவதால், சராசரியாக அவரிடம் நின்ற பணம் ஏறத்தாழ 450 ரூபாயே. 450 ரூபாய்க்கு 100 நாளில் 100 ரூபாய் வட்டி எனில், ஆண்டுக்கு 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது!

இந்நிலைக்கு ஒரு மாற்று நம் மாவட்டத்திலேயே தோன்றியது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் அமைந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுக்களை அந்நிறுவனம் 1989இல் முதன்முதலாகத் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல் ஆதலின், அன்று அப்பகுதியும் இதனுள் அடங்கும். பின்னர் 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை நாடளாவிய அளவில் மேற்கொண்டது.

குழுவில் அதே 1,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 100 ரூபாய் அசலைக் கழித்து வந்தால் முதல் மாத வட்டி 20, அடுத்து 18, பிறகு 16. பத்து மாதத்தையும் கூட்டுங்கள், 110 ரூபாய். தண்டலில் நூறு நாளைக்குக் கொடுத்ததற்கும் இதற்கும் வேறுபாடு 10 ரூபாயே; காலமோ மும்மடங்கு. அவ்வட்டியும் வெளியே செல்லாது. குழுவின் பொதுநிதியில் சேரும்.

இனி நம் குறையையும் சொல்லிவிடுவோம். பணி ஓய்வுக்குப் பின் ஒரு கிராமத்துக் குழுவில் கணக்கெழுதும் இளம்பெண்ணுக்குக் கூட்டலும் கழித்தலும் கற்பித்தோம். சில மாதங்களில், புளி கொட்டை எடுத்து விற்கும் உறுப்பினர் ஒருவர் தவணை கட்டவில்லை என்று சச்சரவு எழுந்தது. “டீச்சரம்மா, அன்னிக்கு நல்ல மழை. நூறு ரூபாயை நான் என் கையாலதான் கொடுத்தேன்” என்றார் அவர். ஏட்டில் வரவு இல்லை. இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. வறியவருக்கு நாணயம் ஒன்றே ஈடு என்பதை நாமறிவோம். அது போயிற்று என்றால் மீண்டும் தண்டல்தான்.

பெட்டியைத் திறந்து எண்ணச் செய்தோம். ஏட்டின் இருப்பைவிட ரொக்கம் சரியாக 100 ரூபாய் மிகுந்திருந்தது. எழுத மறந்திருக்கிறாள் அப்பெண். கூட்டம் கலையுமுன் ரொக்கத்தை எண்ணி ஏட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும், கட்டியவர் கையிலேயே சிற்றேட்டில் பதிந்து தர வேண்டும் என்ற இரண்டையும் நாம் கற்பிக்கவில்லை. கணக்குப் பாடத்தைக் கரும்பலகையோடு நிறுத்திய பிழை நம்முடையது.

மறு வாரம் தலைவியே அவர் வீட்டிற்குச் சென்று அழைத்து வந்தார். அன்று முதல் பணத்தை எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், இருப்பை உரக்கப் படிப்பவர் மற்றொருவர். படிக்கும் பணியை, தட்டுத் தடுமாறியேனும், புளி விற்கும் அப்பெண்மணியே கேட்டு வாங்கிக் கொண்டார்.