கானா நாடும் அதன் மக்களும்

எம் ஊராகிய புதுவயல், காரைக்குடிக்கு அணித்தாய், நெல்லை அவித்து அரிசியாக்கும் ஆலைகளாற் பெயர் பெற்றது. அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டுப் பெருமனைகளிற் புகுவார் முதற்கண் காண்பன வழவழப்பான தேக்குத் தூண்களாம். அவை பர்மாவினின்றும் கப்பலேறி வந்தவை. ஆதலின் 'பர்மா' என்னும் பெயர் எமக்குச் சிறுபருவந் தொட்டே பழகியது. அப்பெயர் ஆப்பிரிக்காவின் மேலைக் கரையிலும் வழங்குகின்றது என்பதை அண்மையிலேதான் அறிந்தோம். கானா நாட்டுத் தலைநகராகிய அக்ராவில், அந்நாட்டுப் படையின் தலைமையிடத்திற்குப் 'பர்மா முகாம்' என்று பெயர். இப்பெயர் அங்குச் சென்ற வரலாற்றைத் தேடப் புகுந்தபொழுது யாம் கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

இதனைத் தேடத் தூண்டிய செய்தி பிறிதொன்றும் உண்டு. விடுதியில் ஒருநாள் நண்பர் ஒருவர், "ஆப்பிரிக்கர் பேசும் மொழி யாது?" என வினவினார். நால்வர் இருந்தோம், நால்வரும் வாளா இருந்தோம். இந்தியர் பேசும் மொழி 'இந்தியம்' என்று ஒருவன் சொல்வானாயின் நாம் நகைப்போமல்லமோ? ஐம்பத்து நான்கு நாடுகளையுடைய ஒரு கண்டத்தை ஒரே ஊர்போல எண்ணியிருந்த எம் அறியாமையை நினைந்து பின்னர் நாணினோம்.

கானாவிற்குத் தெற்கே கினியா வளைகுடாவும், மேற்கே ஐவரி கோஸ்டும், வடக்கே பர்க்கினா பாசோவும், கிழக்கே டோகோவும் எல்லைகளாம். அதன் பரப்பு ஏறத்தாழ 2,38,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்போ 1,30,058. ஆயினும் 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழும் மக்கள் 3 கோடியே 8 இலட்சத்தினரே. தெற்கே அடர்ந்த காடும், வடக்கே புல்வெளியும் உள்ளன. வோல்ட்டா என்னும் பேராற்றின் குறுக்கே அக்கொசொம்போ என்னுமிடத்தில் 1965-இல் அணை கட்டி முடித்தனர். அதனால் தேங்கிய ஏரியின் பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர். அஃதாவது நம் சிவகங்கை மாவட்டத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. பொன்னும் கொக்கோவும் அந்நாட்டின் பெருஞ்செல்வங்கள். கொக்கோ விளைவில் ஐவரி கோஸ்டுக்கு அடுத்து நெடுங்காலம் பெயர் பெற்றது கானாவே.

அக்கான், எவே, கா, தகோம்பா முதலிய பல இனத்தார் அங்கு வாழ்கின்றனர். ஆட்சிமொழி ஆங்கிலம், எனினும் தாய்மொழிகள் பல. அவற்றுள் அக்கான் மக்களின் டுவி மொழி ஒலியின் ஏற்றத்தாழ்வாற் பொருள் வேறுபடுவது. 'பப்பா' என்னும் ஒன்றே, குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் ஒலிக்குமாற்றால் நன்மை எனவும், தந்தை எனவும், விசிறி எனவும் மூன்று பொருள் படும். இம்மொழிக்கு 1875-இல் இலக்கணமும், 1881-இல் அகராதியும் ஆக்கியவர் பாசல் மிஷனைச் சார்ந்த கிறிஸ்டாலர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். அவர் 1879-இல் வெளியிட்ட தொகுதியில் 3,600 பழமொழிகள் உள்ளன. கால்டுவெல் ஐயர் நம் மொழிக்குச் செய்ததையும், பெர்சிவல் பாதிரியார் நம் பழமொழிகளைத் தொகுத்ததையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு இச்செய்தி இனிக்கும். மங்களூர் ஓட்டைச் செய்து பரப்பியதும் அப்பாசல் மிஷனே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனி அவர்தம் வாழ்க்கையைக் காண்போம். அக்கான் மக்கள் பிள்ளைக்குப் பிறந்த கிழமையையே பெயராக இடுவர். வெள்ளியிற் பிறந்த ஆண்மகன் கோபி; சனியிற் பிறந்தவன் குவாமே. ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளராய் 1997 முதல் 2006 வரை விளங்கிய கோபி அன்னான் அவர்களின் பிறந்த கிழமையை அவர் பெயரே கூறும். குடிவழியைத் தாய்வழியாற் கொள்வதும், மருமகனுக்கு உரிமை செல்வதும் அவர் வழக்கம். நாஞ்சில் நாட்டின் பண்டை மருமக்கள் வழியை இஃது ஒக்கும். மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து, உரலில் இட்டு உலக்கையால் இடித்துத் திரட்டிய 'புபு' என்னும் உணவைக் குழம்பொடு வலக்கையால் உண்பர். இடக்கையாற் கொடுத்தலும் வாங்கலும் அவர்க்கும் இழுக்கே. ஒடுங்கிய பட்டைகளாக நெய்து, அவற்றை இணைத்துத் தைக்கும் 'கென்டே' ஆடை, காரைக்குடிக் கண்டாங்கியைப் போல, கண்டார் உள்ளத்தைக் கவர்வது.

நிற்க. அந்நாட்டின் கடற்கரையில் எல்மினா என்னும் கோட்டை உளது. போர்த்துகேசியர் 1482-இற் கட்டத் தொடங்கியது அது. பொன் வாங்க வந்தோர் பின்னர் மாந்தரையே வாங்கலாயினர். இருண்ட கீழறைகளில் அடைபட்ட ஆடவரும் பெண்டிரும் குறுகிய வாயில் வழியே கப்பலேற்றப்பட்டு, மீளாது சென்றனர். அக்கோட்டையினுள்ளேயே வழிபாட்டிடமும் இருந்தது. மேலே செபமும், கீழே அழுகையும்! கிறித்தவராகிய யாம் இவ்விடத்தை எளிதிற் கடந்து செல்ல இயலவில்லை.

அசாந்தி மக்களின் உயிர் எனப் போற்றப்படுவது பொன்னிருக்கை. அதனை ஆங்கிலேய ஆளுநர் ஹாட்ஜ்சன் 1900-இல் தாம் அமர்வதற்குத் தருமாறு கேட்டார். ஆடவர் தயங்கினர். எஜிசு என்னும் ஊரின் அரசன்னை யா அசாந்தேவா என்பார் படையைத் திரட்டிப் போர் தொடுத்தார். பிடிபட்டுச் செய்செல்சுத் தீவிற்கு நாடு கடத்தப்பெற்று, 1921-இல் அங்கேயே இறந்தார். ஆயினும் பொன்னிருக்கை பகைவர் கையிற் சிக்கவில்லை. 1772-இற் கணவரை இழந்து, 1780-இற் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரின் மண்ணிற் பிறந்த எமக்கு, இவ்வம்மையார் அயலாராகத் தோன்றவில்லை.

இனிப் பர்மாவிற்கு வருவோம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவிற் புகுந்தனர். நம் நகரத்தார் பலர் நிலத்தையும் பற்றுவரவையும் விட்டு மீண்டனர். நடந்தே மீண்ட தமிழர் எண்ணிறந்தோர். அதே பர்மாவிற்கு, கோல்ட் கோஸ்ட் என அக்காலத்து வழங்கிய கானாவினின்றும் அதன் அண்டை நாடுகளினின்றும் படைஞர் கொணரப்பட்டனர். மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவுகளாகிய 81-உம், 82-உம் அரக்கான் காடுகளிற் பொருது, 1945 ஜனவரியில் மியோஹாங் நகரைக் கைப்பற்றின. பர்மாவைப் பற்றி எம் ஊரார் சொல்லும் கதைகளுள் இவர் ஒருவரும் இடம்பெறாமை வியப்பே.

போர் முடிந்து மீண்டோர்க்கு வாக்களித்த உதவிகள் முற்றக் கிட்டவில்லை. 1948 பிப்ரவரி 28-ஆம் நாள், அவர்கள் படைக்கலம் இன்றி, விண்ணப்பம் ஒன்றை ஏந்தி ஆளுநர் மாளிகை நோக்கி நடந்தனர். காவலர் சுட்டதில் அஜெட்டே, அட்டிப்போ, லாம்ப்டே என்னும் மூவர் மாண்டனர். நகரம் கொந்தளித்தது, விடுதலை வேட்கை வலுத்தது. 1951 தேர்தலிற் சிறையிலிருந்தவாறே வென்ற குவாமே நிக்ரூமாவின் தலைமையில், 1957 மார்ச் 6-ஆம் நாள் கானா விடுதலை எய்தியது. அம்மூவரின் மரணமும் அவ்விடுதலைக்கு வித்தாயிற்று என்ப.

இறுதியாக ஒன்று. 2016 ஜூனில் நம் குடியரசுத் தலைவராயிருந்த பிரணாப் முகர்ஜி அவர்கள், கானாப் பல்கலைக்கழகத்திற் காந்தியடிகளின் சிலையைத் திறந்து வைத்தார். 2018 டிசம்பரில் அஃது அகற்றப்பட்டது. அடிகள் தம் இளமையிற் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபொழுது அந்நாட்டு மக்களைத் தாழ்த்தி எழுதிய சில தொடர்களை ஆசிரியரும் மாணவரும் எடுத்துக்காட்டியமையே காரணம். இச்செய்தியைப் படித்தபொழுது முதலிற் சினந்தோம். பின்னர், விடுதியில் நால்வர் வாளா இருந்த அந்நாள் நினைவிற்கு வந்தது. அடிகள் பிற்காலத்தே தம்மைத் திருத்திக்கொண்டு வளர்ந்தார். நாம் வளர்ந்தோமா? கரிய நிறத்தைக் கேலி செய்யும் சொற்கள் நம் வகுப்பறைகளில் இன்றும் ஒலிக்கின்றன. கேட்டும் யாம் பன்முறை நகைத்திருக்கின்றோம்.

அக்கான் மக்கள் துணியிற் பொறிக்கும் குறிகளுள் ஒன்று 'சங்கோபா': கால்கள் முன்னோக்கி நிற்க, தலையைப் பின்னே திருப்பிய பறவை. மறந்ததை மீண்டு சென்று எடுத்துக்கொள்க என்பது அதன் பொருள். நாமும் மறந்ததொன்று உண்டு. நம்மவர் இழந்த பர்மாவிற் குருதி சிந்திய அயலாரின் வரலாறு அது. அடுத்த முறை எம் ஊர்த் தேக்குத் தூணைத் தொடும்போது, தேக்கைக் கொணர்ந்தாரோடு அவரையும் நினைப்போம். நண்பர்களும் நினைப்பாராக.