செல்போனில் துணை தேடும் அக்காக்களுக்கு...



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு அக்கா 40,000 ரூபாய் கேட்டிருந்தார். 'மாடு வாங்க' என்று எழுதியிருந்தது. "ஏங்க்கா, தீவனம் கட்டுப்படி ஆகலைன்னு போன வருஷம்தானே மாட்டை வித்தீங்க?" என்று ஊக்குநர் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் போன பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். அவர் சம்மதத்தோடு, பேரும் ஊரும் இல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு வயது 44. விவாகரத்தாகி ஆறு வருடம் ஆகிறது. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். மகள் விட்டுப்போன செல்போனில், மறுமணத்துக்கு வரன் பார்க்கும் ஒரு செயலியில் பதிந்திருக்கிறார். கப்பல் இன்ஜினியர், மனைவி இறந்தவர் என்று ஒருவர் பேச ஆரம்பித்தார். தினமும் ராத்திரி "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாராம். "ஆறு வருஷமா என்னை யாரும் சாப்பிட்டியான்னு கேட்டதில்லை கண்ணு" என்றார் அக்கா.

இரண்டு மாதம் கழித்து, நகையும் பணமும் வைத்துப் பரிசுப் பார்சல் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். மறுநாள் 'ஏர்போர்ட் கஸ்டம்ஸ்' என்று ஒரு பெண் போனில் பேசினாள். வரி என்று 18,000 ரூபாய் வாங்கினாள். அடுத்து அபராதம் என்று 40,000 கேட்டாள். அதற்குத்தான் இந்த மாட்டுக் கடன்.

"குழுவிலே ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"சொன்னா, இந்த வயசுல இவளுக்கு மாப்பிள்ளை கேக்குதான்னு சிரிப்பீங்களே."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மைதானே? மனைவி போன ஆணுக்கு ஒரு வருடத்தில் பெண் பார்க்கிறோம். அதையே பெண் நினைத்தால் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அக்கா மறைத்தார். மறைத்ததால்தான் திருடனுக்கு வேலை சுலபமானது. 40,000 தப்பியது. 18,000 போனது போனதுதான்.

1. முதலில் கோர்ட் தீர்ப்பு நகல்

பஞ்சாயத்தில் பேசித் தாலியைக் கழற்றிக் கொடுத்ததும், பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் விவாகரத்து ஆகிவிடாது. சில சமூகங்களின் பழைய வழக்கத்தைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். விவாகரத்து ஆகாமல் செய்யும் இரண்டாம் கல்யாணம் செல்லாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் இதற்கு ஏழு வருடம் வரை சிறை உண்டு.

இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 15-ன்படி தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகு மறுமணம் செய்யலாம். கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு. தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். 1987-ஆம் வருடச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் உதவி இலவசம். போன்: 15100.

இன்னொன்று. மறுமணம் செய்தால் முன்னாள் கணவர் தரும் ஜீவனாம்சம் நிற்கலாம். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அப்பாவிடம் உள்ள பராமரிப்பு உரிமை அதனால் போகாது.

2. ஆளைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்

பதிவு செய்பவர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று வரன் பார்க்கும் இணையதளங்களுக்கு மத்திய அரசு 2016-இல் அறிவுறுத்தியது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. அடுத்தவர் போட்டோவை யாரும் போடலாம். எனவே:

- வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுங்கள். அதிலும் ஏமாற்று உண்டு. நேரில் பார்க்கும்வரை முடிவு வேண்டாம்.
- முதல் சந்திப்பு பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில். கூட ஒருவர் வரட்டும்.
- அவர் விவாகரத்துத் தீர்ப்பையோ, மனைவியின் இறப்புச் சான்றையோ கேட்டு வாங்குங்கள். உண்மையானவர் கோபப்பட மாட்டார்.
- அவர் ஊருக்கும் வேலை இடத்துக்கும் ஆள் போய் விசாரிக்கட்டும். தரகர் கொண்டுவரும் வரனை விசாரிக்கிறோம் அல்லவா? அதே மாதிரிதான்.
- அந்தரங்கப் படம் அனுப்பாதீர்கள். பிறகு அதைக் காட்டியே மிரட்டிப் பணம் பறிப்பார்கள்.

3. பணம் கேட்டால் பேச்சு முடிந்தது

பார்சல், ஆஸ்பத்திரி செலவு, விசா, வியாபாரத்தில் முடக்கம், எதுவானாலும் சரி. நேரில் பார்க்காதவர் பணம் கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கஸ்டம்ஸ் அதிகாரிகள் போன் செய்து தனியார் கணக்கில் பணம் போடச் சொல்வதே இல்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் வர ரகசிய எண் தேவையில்லை. எண்ணைப் போடச் சொன்னால், நம் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

கல்யாணம் கூடி வந்தாலும் உங்கள் பேரில் உள்ள நிலம், நகை, சேமிப்பு உங்கள் பேரிலேயே இருக்கட்டும். அவருக்காகக் குழுவில் கடன் எடுக்காதீர்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி அது கட்டாயம்.

4. ஏமாந்துவிட்டால்

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். திருடன் பணத்தை எடுக்கும் முன்னே சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க முடியும். நம் அக்கா சொல்லும்போது பணம் கட்டிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பேசிய எண், அனுப்பிய செய்திகள், பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். மிரட்டல் வந்தால் பெண்கள் உதவி எண் 181.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் தனியாக வாழும் சகோதரிகள் எத்தனை பேர்? அவர்களிடம் கடைசியாக எப்போது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டோம்?
2. ஒருவர் மறுமணம் பற்றிப் பேசினால் நாம் முதலில் என்ன சொல்வோம்?
3. வரன் விசாரிக்கப் போக நம் குழுவிலிருந்து இரண்டு பேர் தயாரா?

அந்தக் குழுவில் மூன்றாவது கேள்விக்குத் தீர்மானமே போட்டுவிட்டார்கள். அக்கா இன்னும் வரன் தேடுகிறார். இந்த முறை செல்போனை ஊக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். "இந்த ஆளு மூஞ்சி சரியில்லைக்கா, அடுத்ததைத் தள்ளுங்க" என்று குழுவே கூடிச் சிரிக்கிறது. இப்போது அந்தச் சிரிப்பில் அக்காவும் சேர்ந்துகொள்கிறார்.