மோட்டார் ஏன் சுற்றுகிறது? ஏன் எரிகிறது?

சென்ற கோடையில் எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. மூன்று குதிரைத்திறன் மோட்டார். காயில் கட்டும் கடையில் அதைப் பிரித்த மிஸ்திரி, உள்ளே பார்த்ததுமே "ஒரு பேஸ் போயிருக்கு தம்பி" என்றார். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனதை அவர் மோட்டாரைப் பார்த்தே எப்படிச் சொன்னார் என்ற வியப்புதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

காந்தப்புலத்தில் உள்ள கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அக்கம்பியின் மீது விசை செயல்படும். 1821-இல் பாரடே, பாதரசக் கிண்ணத்தில் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி வட்டமிடச் செய்தார். இன்றைய மோட்டார்கள் யாவும் அதன் வழிவந்தவையே.

நேர்மின்னோட்ட மோட்டாரில் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் சுருளில் மின்னோட்டத்தின் திசை மாறியாக வேண்டும். இல்லையேல் சுருள் சற்று ஆடி நின்றுவிடும். இவ்வேலையைச் செய்பவை, கம்யூட்டேட்டர் என்னும் செப்புத் துண்டு வளையமும் அதை உரசி நிற்கும் கார்பன் பிரஷ்களும். மிக்ஸியில் இருப்பதும் இதன் உறவே. மிக்ஸிக்குள் தெரியும் நீலப் பொறி பிரஷ்ஷில் எழுவது.

கிணற்று மோட்டாரில் பிரஷ் இல்லை. சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பியே இல்லை! இது தூண்டல் மோட்டார். இதன் அசையாத வெளிப்பகுதியில் மூன்று தொகுதிச் சுருள்கள் உள்ளன. மும்முனை மின்சாரத்தின் மூன்று மின்னோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தை எட்டுவதால், சுருள்கள் அசையாமலிருக்க, அவற்றின் காந்தப்புலம் மட்டும் சுழல்கிறது. 1880-களில் இத்தாலியில் பெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியே இவ்வழியைக் கண்டனர். சுழலும் புலம், நடுவிலுள்ள சுழலியின் உலோகத் தண்டுகளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. சுழலி புலத்தைத் துரத்தி ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், இரு துருவ மோட்டாரின் புலம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும். சுழலியோ 2880 அளவில் பின்தங்கும். எட்டிப் பிடித்துவிட்டால் தூண்டலும் இராது, விசையும் இராது.

ஒரு பேஸ் அறுந்தால் என்ன ஆகும்? நிற்கும் மோட்டாரில் புலம் சுழலாமல் ஒரே கோட்டில் துடிக்கும். மோட்டார் உறுமுமே தவிரக் கிளம்பாது. (மின்விசிறியில் இக்குறையைக் கண்டென்சரும் இரண்டாவது சுருளும் தீர்க்கின்றன. கண்டென்சர் கெட்ட விசிறியைக் கையால் சுற்றிவிட்டால் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்.) முன்பே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ நிற்காமல் ஓடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. மூன்று கம்பிகளின் சுமையை இரண்டே தாங்குவதால் அவற்றில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் அச்சுருள்களில் சுமார் மூன்று மடங்கு வெப்பம்! ஸ்டார் இணைப்புள்ள மோட்டாரில் இரண்டு தொகுதிகள் கருகிப்போக, மூன்றாவது புதிதுபோல் பளபளக்கும். மிஸ்திரி கண்டது இதைத்தான்.

இதைத் தடுக்க ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே உண்டு. அதன் முள், மோட்டாரின் பெயர்த் தகட்டிலுள்ள ஆம்பியரைத் தாண்டக் கூடாது. எங்கள் ஸ்டார்ட்டரிலும் ரிலே இருந்தது. மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறதே என்று முள்ளைத் திருகி மேலே ஏற்றி வைத்தவன் நான். அப்பா இன்னும் மின்சாரத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.