வயரில் கை வைக்கிற பிள்ளையை எங்கே சேர்ப்பது?

மார்ச் முதலாம் திகதி கிட்டவரும்போது ஒஸ்லோவின் வெஸ்ட்லித் தமிழ் வீடுகளில் இரண்டு கவலை சேர்ந்து வரும். ஒன்று, காலையில் கார் ஸ்ராட் ஆகாது. மற்றது, பத்தாம் வகுப்புப் பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்கு எந்தப் பிரிவைப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். கார் வயரிங் பார்க்கிற என்னிடம் முதலாவதைக் கொண்டுவருகிறவர்கள், பொனற் திறந்து கிடக்கிற நேரத்தில் இரண்டாவதையும் சொல்லிவிடுவார்கள்.

கொஞ்சக் காலமாக நான் கேட்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: டேட்டா, அதாவது கணினிப் படிப்பு. ஒரு தகப்பன் அதற்கு விளக்கமும் சொன்னார். "அண்ணை, இப்ப கார் எண்டாலே கொம்பியூட்டர்தானே. இவன் டேட்டா படிச்சால் காரும் பாக்கலாம், கையில கிறீசும் படாது." பெடியன் ஒன்றும் பேசவில்லை. அவன் பியூஸ் பெட்டிக்குள் விரலை வைத்து, எந்த றிலே துடிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெடியன் என்று எழுதினாலும் பெண்பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். நுண்ணிய கொனெக்டர் வேலையில் அவர்கள் பெடியன்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல.

கணிதமும் பௌதிகமும் இனிக்கிற பிள்ளைக்கு ஸ்டூடியஸ்பெஸ் என்கிற பொதுக்கல்விப் பிரிவு, அதன் பிறகு மருத்துவமோ பொறியியலோ. அதற்கு வழி சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. கை துருதுருக்கிற பிள்ளைக்கு உள்ள கதவுகள் இரண்டு. முதலாவது எலெக்ட்ரோ: இரண்டு வருடம் பள்ளி, பிறகு இரண்டரை வருடம் தொழில் பழகினால் வீட்டு, கட்டட மின் வேலைக்கான எலெக்ட்ரிசியன். இரண்டாவது தொழில்நுட்ப, கைத்தொழில் பிரிவில் ஒரு வருடம், வாகனப் பிரிவில் ஒரு வருடம், பிறகு கராஜில் இரண்டு வருடம். பரீட்சையில் தேறினால் ஃபாக்பிரேவ், அதாவது தொழிற்சான்று. கராஜில் பழகுகிற அந்த இரண்டு வருடமும் சம்பளம் உண்டு. அரை வருடத்துக்கு ஒரு தடவை அது ஏறும். தேர்ந்த தொழிலாளியின் சம்பளத்தில் 30, 40, 50, கடைசியில் 80 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு.

மூன்றாவது ஒன்று இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள்: ஸ்டூடியஸ்பெஸ் மூன்று வருடம், கணினியில் பச்சிலர் மூன்று வருடம், பிறகு லாப்டொப்பைக் காரில் கொழுவி வருத்தத்தைக் கண்டுபிடிக்கிற வேலை. தாய் தகப்பனுக்குக் 'கொம்பியூட்டர்' என்றால் மரியாதை, பிள்ளைக்கு டெஸ்லா என்றால் ஆசை. இரண்டும் இங்கே சந்திப்பதால் இந்த வழிக்கு இல்லாத மதிப்பெல்லாம் ஏறிவிட்டது. கணினி மேலேயே ஆசையுள்ள பிள்ளை அதைத் தாராளமாகப் படிக்கட்டும். 2020இல் வந்த தகவல் தொழில்நுட்பத் தொழிற்பிரிவும் அவர்களுக்கு இருக்கிறது. காரில் ஆசையுள்ள பிள்ளையைக் கணினி வழியாகக் காருக்கு அனுப்பலாம் என்ற கணக்குத்தான் பிழை.

ஏன் பிழை என்பதை ஒரு பழைய செடானை வைத்தே காட்டலாம். ஐரோப்பாவில் 2001 முதல் பெற்றோல் கார்களிலும் 2004 முதல் டீசல் கார்களிலும் ஸ்கானர் கொழுவுகிற சொக்கெட் கட்டாயம். அதைக் கொழுவினால் எழுத்தும் இலக்கமுமாகக் குறியீடுகள் வரும். எந்தக் கிளையில் குழப்பம் என்று குறியீடு சொல்லும். எந்த வயர், எந்த ஆணி, எந்தத் துரு என்பதை அது சொல்லாது.

ஒரு டொயோட்டா செடான் ஈயூ கொன்ட்ரோல் என்கிற கட்டாய வாகனப் பரிசோதனையில் விழுந்து வந்தது. நம்பர் பிளேட் லைட் எரியவில்லை, டிக்கியும் சுவிச்சுக்குத் திறக்கவில்லை. வீட்டுப் பெடியன் ஸ்கானர் வாங்கிக் கொழுவியிருந்தான். ஒரு குறியீடும் இல்லை. அந்தக் காலத்துக் காரில் அப்படியான சின்ன லைட்டுகளை எந்தக் கணினியும் கவனிப்பதில்லை. பல்ப் மாற்றினான், பியூஸ் மாற்றினான். செடானில் டிக்கி மூடிக்குப் போகிற வயர்கள் பிணைச்சலுக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் குழாய்க்குள்ளால் வளைந்து போகும். டிக்கியைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் அவை அதே இடத்தில் மடங்கும். வருடங்கள் போக, குளிரில் பிளாஸ்டிக்கும் இறுகிவிட, உள்ளே செம்பு முறியும். குழாயை இழுத்து எடுத்து வயர்களை விரலுக்கிடையில் ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பார்த்தால், முறிந்தது மட்டும் றப்பர் பட்டிபோல நீளும். வெளித்தோல் வெடிக்காமலே இருக்கலாம். உள்ளே செம்பு பச்சை பூத்துத் தூளாகியிருக்கும். அந்தக் காரில் இரண்டு வயர் அப்படி. புது வயர்த் துண்டு வைத்து, மூட்டுகளை வளைவுக்கு வெளியே தள்ளிப் பற்றவைத்து, சுருங்குகுழாய் போட்டு மூடினோம். லாப்டொப் மேசையிலேயே கிடந்தது.

எதிர்மாறாக, ஸ்கானர் அளவுக்கு மீறிப் பேசுகிற கார்களும் உண்டு. ஸ்ராட் பண்ணுகிற நேரம் பற்றரி அழுத்தம் அடிபட்டு விழுந்தால், காரிலுள்ள சின்னக் கணினிகள் ஒன்றோடொன்று பேச்சை விட்டுவிடும். பிறகு ஸ்கானரைக் கொழுவினால் ஏபிஎஸ், ஸ்ரியறிங், எயார்பாக் என்று வரிசையாகப் புகார். குறியீட்டை மட்டும் நம்புகிறவர் ஏபிஎஸ் பெட்டியை மாற்றச் சொல்வார். பல ஆயிரம் குரோணர் போகும். மீற்றர் பிடிக்கத் தெரிந்தவர் முதலில் பற்றரியைப் பார்ப்பார். நிறைந்த பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற் அளவுக்கு வரவேண்டும். அதன் பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஆளை ஏற்றி ஸ்ராட் அடிக்கச் சொல்வார். 0.2 வோல்ற்றுக்கு மேல் ஏறினால் ஏர்த் வயரில் சந்தேகம். ஒஸ்லோ வீதிகளில் குளிர்காலம் முழுக்க உப்புப் போடுவார்கள். கீழே இருக்கிற ஏர்த் பட்டியை அது அரித்திருக்கும். பிரேக்கை மிதிக்கச் சிக்னல் லைட்டும் மங்கலாகச் சேர்ந்து எரிகிறதென்றால் அதுவும் பெரும்பாலும் ஏர்த்தின் வேலைதான். தனக்குரிய வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்ப்புக்குள்ளால் வழி தேடிப் போகிறது.

இன்னொன்று, வாரத்துக்கு ஒரு தடவை செத்துப்போகிற பற்றரி. காரைப் பூட்டிய பிறகும் ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கும். அம்மீற்றரைத் தொடராகக் கொழுவி, எல்லாக் கணினிகளும் தூங்கும்வரை அரை மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டும். 50 மில்லி அம்பியருக்குக் கீழ் இருந்தால் பயமில்லை. டிக்கி மூடிய பிறகும் அணையாத ஒரு 5 வாற் பல்ப் போதும். 60 அம்பியர்-மணி பற்றரி ஆறு நாளில் காலி, குளிரென்றால் அதற்கும் முன்னரே. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீற்றர் எப்போது விழுகிறது என்று பார்க்கிற இந்த வேலைக்கு மூளை வேண்டும், அதைவிடப் பொறுமை வேண்டும். கணினிப் பச்சிலரில் இதற்குப் பாடம் இல்லை. ஆறு வருடம் படித்து வருகிற பிள்ளை ஒரு காரின் பியூஸ் பெட்டியைக்கூடத் திறந்திருக்காது. கராஜ் வழியால் போனவன் நாலு வருடத்தில் ஃபாக்பிரேவோடு நிற்பான்.

அவ்வளவு ஏன், வெஸ்ட்லிக் கார்களின் பாதி வருத்தத்துக்கு ஸ்கானரே தேவையில்லை. ஊர் வாழ்க்கையைத் தெரிந்தால் போதும். நிலத்தடி ரயிலின் கடைசி நிலையம் இது. வேலைக்கு எல்லோரும் ரயிலில் போய்விட, கார் கிழமை முழுக்க வெளியில் பனிக்குள் நிற்கும். வெள்ளிக்கிழமை அம்மரூட் முருகன் கோயில், சனிக்கிழமை ஸ்டோவ்னர் சென்ரர், எல்லாம் சில கிலோமீற்றர்தான். அந்தக் குறுகிய ஓட்டத்துக்குள் சீற் சூடு, பின் கண்ணாடிச் சூடு, லைட் எல்லாம் ஓடும். எடுத்த கரண்டைத் திருப்பிக் கொடுக்க ஒல்ரனேற்றருக்கு நேரம் கிடைக்காது. மைனஸ் 18இல் பற்றரியின் பலமும் சுமார் பாதியாகிவிடும். புதுப் பற்றரி வாங்கினாலும் அடுத்த வருடம் அதே கதை. மாதத்தில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சார்ஜர் வாங்குங்கள்.

இனி எலெக்ட்ரோவா, கராஜா? நான் கராஜ் பக்கம் சாய்ந்தவன், அதை மறைக்கவில்லை. சுவருக்குள் குழாய் இழுப்பது எனக்குச் சலிப்பு. ஆனால் எலெக்ட்ரிசியனுக்கு வேலை எங்கும் உண்டு, ஒழுங்கும் கூட. அங்கே போகிறவர்கள் முன்கூட்டியே நிறப்பார்வையைச் சோதிக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்ணுக்கு எலெக்ட்ரிசியன் தொழில் பெரும்பாலும் சரிவராது. ஆண்பிள்ளைகளில் இது அரிதான குறை அல்ல, பத்தாம் வகுப்புவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதும் அதிசயமல்ல. கண் கடைக்குப் போனால் சில நிமிட வேலை.

"பழைய கார் எல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025 முதல் புதுக் கார் எல்லாம் புகையில்லாததாக இருக்க வேண்டும் என்பது நோர்வே பாராளுமன்றம் வைத்த இலக்கு. 2024இலேயே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் மின்கார். அந்த வருடம் செப்டெம்பரில் வீதியிலுள்ள மின்கார்களின் எண்ணிக்கை பெற்றோல் கார்களைத் தாண்டியது. ஆனால் மின்காருக்குள்ளும் ஒரு 12 வோல்ற் பற்றரி இருக்கிறது. அது இறங்கினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கதவு திறக்காமல் போகலாம், கார் அசையாது. கணினிகள், லைட்டுகள், பூட்டுகள் எல்லாம் அந்தச் சின்னப் பற்றரியில்தான். செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் அழுத்தம்; தனிப் பயிற்சி இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது. மற்ற வயர்களிலெல்லாம் பழைய செடானில் கற்ற கைப்பழக்கம் அப்படியே உதவும். எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறவனின் வேலை குறையலாம், மீற்றர் பிடிக்கிறவனின் வேலை குறையாது.

பிள்ளைக்கு இது சரிவருமா என்று எப்படி அறிவது? ரேடியோவைக் கழற்றுகிற பிள்ளை எல்லாம் மெக்கானிக் ஆகாது. கழற்றியதைத் திரும்பப் பூட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு மலிவான மல்ரிமீற்றர் வாங்கிக் கொடுத்து, வீட்டுக் காரில் எந்தெந்த இடத்தில் எவ்வளவு வோல்ற் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் நாளும் தானாகப் போய் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு வேறு சோதனை வேண்டாம். பிழை பிடிபடாத நாளில் கோபித்துக் கதவை அடிக்கிற பிள்ளையா, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிற பிள்ளையா என்பதும் முக்கியம். புள்ளிகளில் இது தெரியாது. கோயில் மண்டபத்தில் மற்றவர் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டு வந்தும் இதைத் தீர்மானிக்க முடியாது.

பயப்படுகிற பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம்: ஃபாக்பிரேவ் எடுத்தால் பல்கலைக்கழகக் கதவு அடைபடாது. தொழிற்சான்றுக்குப் பிறகு ஒரு வருடப் பொதுப்பாடம் படிக்கும் உரிமை இருக்கிறது. தொழிற்சான்றோடு நேரடியாகப் பொறியியலுக்கு எடுக்கிற இடங்களும் உண்டு. 2024 ஆகஸ்ட் 1இல் வந்த புதுக் கல்விச் சட்டம் மேல்நிலைக் கல்வியை முடிக்கும்வரை படிக்கிற உரிமையும் தருகிறது.

உண்மையான இடர் வேறு: கராஜில் பழகுநர் இடம் கிடைக்காமல் போவது. பள்ளி இரண்டு வருடத்தை முடித்தவுடன் இடம் தானாக வந்துவிடாது. முதலாளி புள்ளிகளைவிட வரவின்மையைத்தான் முதலில் பார்ப்பார். காலையில் நேரத்துக்கு வராத பிள்ளையை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். ஆகவே முதல் வருடத்திலேயே பள்ளி அனுப்புகிற பயிற்சிக் கிழமைகளில் எந்தக் கராஜுக்குப் போவது என்று பிள்ளையே தேடட்டும். தகப்பன் போய்க் கேட்கக்கூடாது. பிள்ளை தானே போய், நோர்வேஜிய மொழியில் கேட்டு, மின்பிழை பார்க்கிற ஆள் அங்கே யார் என்று விசாரித்து, முடிந்தால் அவரோடு நிற்க வேண்டும். டயர் மாற்றுகிற மூலையிலேயே இரண்டு வருடம் விட்டுவைக்கிற கராஜ்களும் உண்டு; ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. பழகுநர் இடத்துக்கு விண்ணப்பிக்கவும் மார்ச் 1தான் கடைசி நாள்.