வெயிலில் சிவக்கும் தோலுக்கு வெயில் வேண்டாம்

சென்னைப் பார்லரில் ‘டீ-டேன்’ பேக் பூசியே கை காய்த்தவள் நான். மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்தபோது காசு கொடுத்துக் கறுத்துக்கொள்ள வருகிறவர்களைப் பார்த்துத் திகைத்துத்தான் போனேன். இங்கே வசந்தம் வந்துவிட்டால் போதும், நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்துக்கும், அந்தப் பருவத்துக் கல்யாணங்களுக்கும் ஸ்ப்ரே டேன் அடித்துக்கொள்ளக் கூட்டம் அலைமோதும். இந்த ஆசையைச் சரி, தப்பு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வெளுக்கும் கிரீமை வாளி வாளியாக வாங்கும் ஊரிலிருந்து வந்தவள்தானே.

வருகிறவரிடம் நிறத்தை நான் கேட்பதில்லை. “கோடை தொடங்கினதும் முதல் நாள் சன்ஸ்கிரீன் இல்லாமல் அரை மணி நேரம் வெயிலில் நின்றால் உங்கள் தோல் என்ன ஆகும்?” என்றுதான் கேட்பேன். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் வகுத்த தோல் வகைகளுக்கு அடிப்படையும் இதுதான். சோரியாசிஸ் நோயாளிகளுக்கு ஒளிச் சிகிச்சையின் அளவை முடிவு செய்ய அவர் உண்டாக்கிய பட்டியல் அது. முதல் வகைத் தோல் எப்போதும் சிவந்து எரியும், கறுக்கவே கறுக்காது. இரண்டாவது எரிந்த பிறகு லேசாகக் கறுக்கும். மூன்றாவதும் நான்காவதும் ஓரளவு சுலபமாகக் கறுக்கும். நம்மைப் போன்றவர்களுக்கான ஐந்தும் ஆறும் பிற்பாடு சேர்ந்தவை.

முதல் இரண்டு வகைக்காரர்கள்தான் டேனுக்கு அதிகம் ஏங்குகிறார்கள். “கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டினால் தோல் பழகிவிடும்” என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பழகாது. புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, அதைத் தாங்கச் செல் மெலனினைச் சுரக்கிறது. அந்தக் கறுப்பு, காயம் பட்டதற்கான அடையாளம். புற ஊதாக் கதிர் வீசும் இயந்திரப் படுக்கையில் படுத்தாலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009-இலேயே இந்தப் படுக்கைகளை, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இந்த ஊர்ப் பெண் கிளேர் ஆலிவர் 2007-இல் 26 வயதில் மெலனோமாவால் இறந்தார். கடைசி நாட்களிலும், இந்தப் படுக்கைகளை வைத்து நடத்தும் சோலாரியங்களுக்கு எதிராகப் பேசிக்கொண்டே இருந்தார். விக்டோரியா உள்ளிட்ட பெரும்பாலான ஆஸ்திரேலிய மாநிலங்களில் 2015 தொடக்கத்திலிருந்து வணிக சோலாரியங்களுக்குத் தடை.

ஆகவே, எரியும் தோலுக்குப் பாட்டில் டேன் ஒன்றுதான் வழி. அதில் வேலை செய்வது டி.எச்.ஏ. என்ற ஒரு வகைச் சர்க்கரை. தோலின் மேலே இருக்கும் இறந்த செல்களின் அமினோ அமிலத்தோடு சேர்ந்து பழுப்பாகும். கல்லில் தோசை சிவப்பதும் இதே வகை வேதிவினைதான். இறந்த செல் உதிர உதிர நிறமும் ஒரு வாரத்தில் போய்விடும்.

தேர்வு செய்ய வேண்டியது கரைசலில் இருக்கும் டி.எச்.ஏ. சதவீதத்தை. வெளுத்த தோலுக்கு 8 சதவீதத்துக்கு மேல் நான் போகமாட்டேன், போனால் ஆரஞ்சாகிவிடும். மூன்றாம் வகைக்கு 10, 12 வரை தாங்கும். அதற்கும் மேல் நிறமுள்ளவர்களுக்கு 14 இல்லாமல் எதுவும் தெரியாது. அடிச்சாயத்தையும் பாருங்கள்: மஞ்சள் தூக்கலான தோலுக்கு ஊதா, சிவப்பு தூக்கலான தோலுக்குப் பச்சை.

நிறத்தைவிட வறட்சிதான் எங்களைப் படுத்தும். முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாம் மருந்தை உறிஞ்சிக் கறுத்துவிடும். அங்கே முதலில் கொஞ்சம் கிரீம் தடவிவிட வேண்டும். உடம்பே வறண்டவர்களுக்கு ஸ்ப்ரேயைவிட, தினமும் பூசும் குறைந்த டி.எச்.ஏ. லோஷன் நல்லது. திட்டு விழுந்தாலும் மறுநாள் சரிசெய்யலாம். எக்ஸிமா இருந்தால், வெடித்த இடத்தில் எதுவும் படக் கூடாது. யாராக இருந்தாலும் முதல் நாளே கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். ஷேவிங், வாக்சிங், ஸ்கிரப் எல்லாம் முந்தின நாளோடு முடிந்திருக்க வேண்டும். வரும்போது டியோடரன்ட் வேண்டாம், தொளதொள கறுப்புச் சட்டை போதும்.

பள்ளி ஃபார்மல் விருந்துக்காக ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை தோழிகளோடு வந்திருந்தாள். “அக்கா, எனக்கும் அடிச்சு விடுங்கோ, போட்டோவில எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேணும்” என்றாள். “உன் நிறத்துக்கு வரத்தானம்மா இவங்க எனக்குக் காசு கொடுக்கிறாங்க” என்றேன். சிரித்துவிட்டாள். அவள் காலில் பழைய கொசுக்கடித் தழும்பு இருந்தது. அதை மறைக்க ஒரு இரவு தாங்கும், கழுவினால் போய்விடும் பிரான்சர் போதும் என்று கொடுத்தனுப்பினேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்த அளவே போதும் என்பது என் கட்சி.

மாத்திரை, மூக்கில் அடிக்கும் மெலனோடான், ஊசி என்று இணையத்தில் விற்பவற்றின் பக்கமே போகாதீர்கள். கான்தாசாந்தின் மாத்திரை விழித்திரையில் படிகமாகப் படிந்ததுண்டு. மெலனோடான் மச்சங்களைக் கறுக்க வைக்கும். அதைப் பற்றி ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது.

டி.எச்.ஏ. உடம்பின் மேல்தோலுக்கு மட்டும்தான். கண்ணிலும் உதட்டிலும் படக் கூடாது, மூச்சில் உள்ளே போகக் கூடாது. பாட்டில் டேன் வெயிலைத் தடுக்காது என்பதால் அது இருக்கும்போதும் எஸ்.பி.எஃப். 50 பூசத்தான் வேண்டும். பார்லருக்குள் நுழைந்ததும் கரைசல் எத்தனை சதவீதம், மூக்குக்கு ஃபில்டர் தருவீர்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு பார்லர் பாருங்கள்.