மோட்டாரின் முகப்புப் பலகையைப் புதுப்பித்தல்

ஏட்டுக் கல்வி பெற்றோர் கைத்தொழிலில் இறங்குவது தம் நிலைக்குத் தாழ்வென்று கருதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவன், தான் வகுப்பில் கற்ற விதிகள் ஒரு வேலையில் ஒருங்கே பயன்படுவதைக் காண்பானாயின் அவ்வெண்ணம் தானே அகன்றுவிடும். இதற்கு உதாரணமாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் டாஷ்போர்டு என்னும் முகப்புப் பலகையை அதன் உடையவர் தம் கையாலேயே புதுப்பிக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டுவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் சிறிய வண்டியை எடுத்துக்கொள்வோம். இதன் உருவத்தை அமைத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி. 1970-களின் பிற்பகுதியில் வெளிவந்த 1500 என்னும் வகையில், ஒட்டுப்பலகையின்மேல் மெல்லிய மரத்தகடு பதித்து மெருகிட்ட முகப்பு அமைந்திருந்தது. மேல்மூடி திறக்கத்தக்க வண்டியாதலின் வெயிலும் ஈரமும் அதனை நேரே தாக்குகின்றன. மெருகு முதலில் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே ஈரம் புகுந்தவுடன் தகடு பசைவிட்டுக் கிளம்புகிறது.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் இணைப்பை நீக்கவேண்டும். பழுப்பு நிறக் கம்பிகளிற் சில, சாவி திருப்பப்படாத காலத்தும் மின்சாரம் உடையன. அவை இரும்பிற் பட்டால் கம்பித்தொகுதி முழுவதும் எரிந்துபோகக்கூடும். நீக்கும்பொழுது வண்டியின் உடலோடு சேர்ந்த கம்பியையே முதலில் கழற்றுக. அது நீங்கியபின், மற்ற முனையைக் கழற்றுங்கால் கருவி உடலில் உராய்ந்தாலும் மின்சாரம் சுற்றிவர வழியில்லை. திரும்பப் பூட்டுங்கால் அதனைக் கடைசியாகப் பூட்டுக.

பின்னர், ஒவ்வொரு கம்பியும் எங்கே சேர்ந்திருந்தது என்பதைப் படம் வரைந்து, சிறு சீட்டுகளில் எண் எழுதிக் கட்டுக. வேகமானியின் பின்னுள்ள சுழல்வடத்தின் மரையைக் கையாலேயே திருகிக் கழற்றுக; குறட்டினால் நெரித்தல் ஆகாது. கருவிகளை இறுக்கும் பிடிகளையும் கழற்றினால் பலகை தனித்து வெளிவரும்.

பழைய மெருகையும் தகட்டையும் மெல்லச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பலகையைச் சமனாக்கவேண்டும். புதிய தகட்டின் வரிகள் பலகையின் நீளவாக்கில் ஓடும்படி வைத்து, மரப்பசை தடவி, இரு சமமான கட்டைகளுக்கிடையே ஓர் இரவு இறுக்கி வைக்கவேண்டும். முன்புறத்தில் மட்டும் தகடு ஒட்டினால், ஈரத்தினால் ஒருபுறம் விரிந்து பலகை வளையும். ஆதலின் பின்புறத்திலும் விலை குறைந்த தகடொன்றை ஒட்டுதல் நலம். கருவிகளுக்குரிய வட்டங்களைக் கூரிய கத்தியால், முன்புறமிருந்து, சிறிது சிறிதாக வெட்டுக. வார்னிஷைப் பல மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து அடுத்ததைப் பூசுக. துளைகளின் உள்விளிம்பையும் மறவாது பூசுதல் வேண்டும். ஈரம் நுழையும் வாயில் அதுவே.

இனி, இவ்வேலையில் பலரும் கவனியாத பகுதியொன்று உண்டு. இரும்புப் பலகையிற் பொருத்திய கருவிக்கு அப்பலகையே மின்சாரம் திரும்பும் வழியாகும். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் மரமுகப்பிலுள்ள கருவிகளுக்குக் கறுப்புக் கம்பிகள் தனியே இணைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் விளக்கு எரியாது. அன்றிக் கருவி பொய் சொல்லும். பெட்ரோல் மானிக்கும் வெப்பமானிக்கும் சராசரி 10 வோல்ட் அளிக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதனுள் மின்சாரத்தால் சூடேறி வளையும் ஈருலோகத் தகடு, இணைப்பை அடிக்கடி துண்டித்துச் சேர்க்கிறது. அதன் உடலிணைப்பு அற்றுப்போனால் தகடு சூடேறாது. இணைப்பு துண்டிக்கப்படாமையால் பாட்டரியின் முழு அழுத்தமும் இரு மானிகளுக்கும் செல்லும். அப்பொழுது பெட்ரோல் குறைந்திருக்கையிலும் மிகுதியாக உள்ளதென்று முள் காட்டும்.

ஓர் எச்சரிக்கை கூறுவது அவசியம். இக்காலத்து வண்டிகளில் முகப்பினுள்ளும் ஓட்டுச்சக்கரத்தினுள்ளும் காற்றுப்பைகள் மறைந்துள்ளன. பாட்டரியை நீக்கிய பின்னரும் அவற்றை வெடிக்கச் செய்யும் ஆற்றல் சிறிது நேரம் தங்கியிருக்கும். அத்தகைய வண்டிகளில் செய்தோர் வெளியிட்ட கைநூலின்படியன்றிக் கை வைத்தல் தகாது.

பதறாத காரியம் சிதறாது என்பது முதுமொழி. பளபளக்கும் மரத்தை வழிப்போக்கரும் கண்டு புகழ்வர். கறுப்புக் கம்பியை யாரும் காணார். எனினும் இரவில் நெடுவழி செல்பவன் நம்பியிருப்பது அதனையே. காணாத இடத்தும் செவ்விதாக வேலை செய்யும் பழக்கத்தை மாணவர் இத்தகைய சிறு முயற்சிகளிலிருந்தே பெறலாகும்.