முருக்கும் மிளகுக்கொடியும்

திருவனந்தபுரம் நகரைக் கடந்து நெடுமங்காட்டுப் பக்கம் செல்லும் தோழர்கள், வீட்டுத் தோட்டங்களில் தென்னைக்கும் பலாவுக்கும் இடையே மிளகுக்கொடி முருக்கமரத்தைப் பற்றி ஏறுவதைக் கண்டிருப்பர். நம்மூர்க் கல்யாண முருங்கையே அது. கொடிக்குக் கொழுகொம்பாவதோடு அதன் தொண்டு முடிவதில்லை. அவரையினத்தது ஆகலின், அதன் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை உரமாக்குகின்றன. வெட்டிப்போடும் தழை ஈரத்தைக் காக்கும். ஜூன் மழை அறைந்தாலும் சரிவு நிலத்து மேல்மண் எளிதில் கரையாது.

புவி சூடேறும் இந்நாளில், கரியமிலவாயுவை உண்டு நெடுங்காலம் மரமாகச் சேர்த்துவைப்பதும் பெரும்பயன். இதில் பலாவே முருக்கினும் வல்லது.

2004-இல் அறிவியலார் பெயரிட்ட சிறுகுளவியொன்று சில ஆண்டுகளுக்குள் கேரளத்திலும் புகுந்து, முருக்கின் தளிர்களை முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்தது. முருக்கையே நம்பிய கொடிகள் தவித்தன. பலாவிலும் மாவிலும் ஏறியவை தப்பின.